பத்துப் போட்டியில் ஒரு முட்டை

ஜூலை 7, திங்கள்

காலைப் பிரேயரில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, "நம்ம பி.டி. சார் டெக்கத்லானில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிறார்" என்று அறிவித்துவிட்டார். போட்டியே சனிக்கிழமைதான். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமோ?

ஜூலை 9, புதன்

தென்காசியில் மூத்தோர் தடகளம். இரண்டு நாளில் பத்துப் போட்டி: ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டிப் பார்த்து முதலில் வருபவர் ஒருவர்தான் மாநிலத்துக்குப் போகலாம்.

பெயர் கொடுத்தவர்கள் மூன்றே பேர். இலஞ்சிப் பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய நான், வயது நாற்பத்து மூன்று. சிவகிரி பால்வண்ணநாதன் சார், தபாலாபீஸில் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. மூன்றாவது, என் மனைவி இசக்கிசெல்வியின் அண்ணன் மாரிச்செல்வம். சுரண்டையில் லைன்மேன். பயிற்சி என்பதே கிடையாது. "நித்தம் கம்பம் ஏறுதவனுக்குக் கம்ப ஊணித் தாண்டத் தெரியாதாவே மாப்ள?" என்கிறார்.

நீ யார் பக்கம் என்று இசக்கியிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சோறு பொங்குதேன். பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

ஜூலை 12, சனி

மோசம். நூறு மீட்டர், நீளம் தாண்டல், குண்டு, உயரம் தாண்டல், நானூறு மீட்டர் — ஐந்தில் நான்கு மச்சானுக்கு. நூற்று எண்பது புள்ளி பின்னால் நிற்கிறேன். பால்வண்ணநாதன் சார் எல்லாவற்றிலும் கடைசி. ஒவ்வொன்று முடிந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து சுக்குக்காபி குடிக்கிறார். அவர் புள்ளியை யார் பார்த்தார்கள்?

திங்கட்கிழமை பிரேயரில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நாளைக்கு மீதி ஐந்து. அதில் வட்டு, கோலூன்றித் தாண்டல், ஈட்டி உண்டு. மூன்றும் கைப்பிடியை நம்பிய சமாசாரம். சாயங்காலம் மச்சானைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். முதலில் அருவி. பிறகு அங்கே மசாஜ் செய்கிற மகாதேவன் அண்ணாச்சி வீட்டு மாடியில் எண்ணெய்த் தேய்ப்பு. "இது என்ன தலைகீழ்ப் பாடமா இருக்கு? எண்ணெ தேச்சுட்டுல்லா குளிப்பாவ?" என்றார் அண்ணாச்சி. "விளையாட்டுக்காரங்களுக்கு இப்படித்தான் அண்ணாச்சி. உள்ளங்கைக்கு இன்னும் கொஞ்சம்" என்றேன். மச்சானிடம், காலையில் குளிக்காதீர்கள், எண்ணெய் ஊற வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் பச்சைப்பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

தடை ஓட்டத்தில் நான் முதல். அடுத்தது வட்டு. மச்சான் சுழன்றார். வட்டு அவருக்கு முன்னாலேயே கிளம்பி வலையில் போய் விழுந்தது. மூன்று முறையும் அப்படியே. மூன்றும் ஃபவுல், முட்டை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

பிறகு கோலூன்றித் தாண்டல். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கோல் — இதை நான் யோசிக்கவே இல்லை. முதலில் பால்வண்ணநாதன் சார், "இலஞ்சி முருகா" என்று ஒரே தவ்வில் தாண்டிவிட்டார். அடுத்து மச்சான் வழுக்கினார். வழுக்கியவர் நேரே ஸ்கூட்டரிடம் போய், கரண்டு வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து தாண்டினார். விதியில் அனுமதி உண்டாம். அவர் கை எண்ணெய் எல்லாம் இப்போது கோலில். துடைத்தேன், மண்ணைப் பூசினேன். சாரல் வேறு. இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தேன்.

"இந்தா, இதப் போட்டுக்கிடும்வே" என்று மச்சான் கையுறையைக் கழற்றி நீட்டினார். எந்த முகத்தோடு வாங்குவேன்? வேண்டாம் என்றேன். மூன்றாவது முறையும் வழுக்கியது. எனக்கும் முட்டை.

ஈட்டி எப்படியோ போயிற்று. கடைசியாக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். நானும் மச்சானும் ஒட்டியே ஓடினோம். மூன்றாவது சுற்றில் எனக்குத் தாங்கவில்லை. "மச்சான், அந்த எண்ணெ... நான் வேணும்னே செஞ்சது" என்றேன்.

அவர் நிற்கவில்லை. "இந்த ஊர்ல பொறந்தவனுக்கு எண்ணெ முந்தியா குளி முந்தியான்னு தெரியாதாவே? நம்ம மாப்ள சொல்லுதாரேன்னுதான் படுத்தேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடிவிட்டார்.

பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்! ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

முடிவு: பால்வண்ணநாதன் சார் முதல். மூத்தோர் போட்டியில் வயது கூடக்கூடப் புள்ளியும் கூடுமாம். விதியைப் படி, விதியைப் படி என்று பிள்ளைகள் காதில் ஓதுகிற நான் அதைப் படிக்கவில்லை. பத்திலும் முட்டை வாங்காதவர் அவர் ஒருவர்தான். மச்சான் இரண்டாவது. நான் கடைசி.

ஜூலை 14, திங்கள்

மைக்கை நானே கேட்டு வாங்கினேன். கடைசி என்பதைச் சொன்னேன். எண்ணெய் விஷயத்தையும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு சிரித்த சிரிப்பில் கொடிக்கம்பம் ஆடியது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

இரவு தோசை எண்ணெயே இல்லாமல் வரட்டி மாதிரி வந்தது. இசக்கியிடம் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மச்சான் வந்தார். வாசலில் நின்றே, "பால்வண்ணநாதன் சாருக்கு வட்டு சுத்த வரலையாம். சொல்லிக்குடுக்கணும், கெளம்பும்வே" என்றார். விசிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தோசையில் எண்ணெய் திரும்பி வந்துவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு. மதுரை

மாநிலப் போட்டியில் பதினான்கு பேரில் சார் ஒன்பதாவது. முட்டை இல்லை. கடைசிச் சுற்றில் வேலிக்கு வெளியே நானும் மச்சானும் கூடவே ஓடிக் கத்தியதில் எனக்குத் தொண்டை போயிற்று. இன்னொருவன் ஜெயிக்க வேண்டும் என்று இப்படிக் கத்தியது எனக்கு இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது அடுத்த வருஷத்து விண்ணப்பம் மூன்று வாங்கினேன். "ரெண்டு போதும்வே, சார் வந்தா நமக்குக் கெடைக்காது" என்று மச்சான் காதைக் கடித்தார். ஒரு நிமிஷம் யோசித்தேன். மூன்றாவதைச் சாரிடம் கொடுத்துவிட்டேன்.