கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு

மார்ச் 4

சிட்டுக்கு,

போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம்.

குடோன் கட்ட மேட்டைச் சமப்படுத்தும் இயந்திரம் இருபதாம் தேதி வருகிறது. "அங்க கதவுச் சிலந்தி இருக்குப்பா, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்றாய். எத்தனை நாள் காத்திருப்பது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன்.

வளை வாயில் மண்ணையும் நூலையும் குழைத்து என்னமாய் ஒரு மூடி! என் கடை ஷட்டர் தோற்றது போ. இரண்டு சரிவிலுமாக இருபத்து மூன்று பிடித்தேன். மண்டியில் கிழங்கு பிரிப்பதுபோல் பெரிது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்து, ஓட்டை போட்ட டப்பாக்களில் அனுப்பியிருக்கிறேன். உன் சிலந்தி ஆராய்ச்சியில் பாதி வேலை முடிந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்கிறாள் உன் அம்மா. உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றுதான். கிடைத்ததும் ஒரு வரி போடு.

அப்பா

மார்ச் 10

அப்பா,

டப்பாக்கள் வந்தன. ஒன்பது செத்துவிட்டன.

எது எந்தச் சரிவில் எடுத்தது? ஒரு டப்பாவிலாவது எழுதியிருக்கக் கூடாதா? பெரிது, பொடி என்பதெல்லாம் வயசு அப்பா, வகை இல்லை. பெண் சிலந்தி தாய் வளைக்குப் பக்கத்திலேயே தோண்டிக்கொண்டு சாகும்வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் ஒரே மேட்டில்கூட இந்தப் பக்கம் ஓர் இனமும் அந்தப் பக்கம் வேறோர் இனமும் இருக்க முடியும். டப்பாக்களில் இரண்டு இனம் இருப்பது இப்போது உறுதி. ஒன்று ஏற்கெனவே தெரிந்தது, மற்றது புதிது. எது எங்கே வாழ்கிறது என்பதுதான் போய்விட்டது. மூன்று வருஷ உழைப்பு.

மகள்

மார்ச் 14

சிட்டு,

பெரிதெல்லாம் மேற்கில் எடுத்ததாக ஞாபகம். சீட்டு எழுதி அனுப்பட்டுமா?

அப்பா

மார்ச் 18

வேண்டாம். ஞாபகத்தில் ஒட்டுகிற சீட்டு பொய்ச் சீட்டு. இனி எதையும் அனுப்பாதீர்கள்.

மார்ச் 25

சிட்டு,

இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். குடோன் நிற்கட்டும்.

மூன்று நாளாகக் கிழக்குச் சரிவில் முழங்காலில் தவழ்ந்தேன். பார்த்த இடமெல்லாம் என் மண்வெட்டி போட்ட குழிதான். நேற்றுக் காலை பாறை ஓரத்தில் ஒரு மூடி, பெரிய பித்தான் அளவு. புல்லால் மெல்லத் தூக்கினேன். உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டது.

கை குறுகுறுத்தது. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. ஆனால் பிரிக்கவில்லை. சுற்றிலும் குச்சி நட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா திட்டிக்கொண்டே சாப்பாடு கொண்டுவருகிறாள்.

ஒன்றை வைத்துக்கொண்டு உன்னால் ஏதாவது செய்ய முடியுமா? தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அப்பா

மார்ச் 30

அப்பா,

ஒன்று போதும். டப்பாவில் வந்த இரண்டில் அது எந்த இனத்தோடு சேர்கிறதோ, அதுதான் கிழக்குச் சரிவு இனம்; மற்றது மேற்கு.

வெள்ளிக்கிழமை வருகிறேன். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் காலை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள். அந்த அதிர்வு அதற்குக் கேட்கும்.

சிட்டு