நற்கருணை மேசையில் ஒரு சத்தியம்

ஜூலை 22, 1935. திங்கள்.

ஆடிக் காற்று. கோர்ட்டு வளாகமெங்கும் புழுதி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை மண்ணாயிற்று.

ரூத்தின் வழக்கு இன்று எடுக்கப்பட்டது. தம்பி போன பிறகு அவன் மனைவியான அவளுக்கு மிஞ்சியது பழங்காநத்தத்து வீடு ஒன்றே. மனையை வாங்கியவன் தம்பி. சர்க்கார் ஓவர்சியர் தன் எல்லைக்குள் நிலம் வாங்கக் கூடாது என்ற விதியைச் சுற்றிப்போக, பத்திரத்தை மட்டும் சபை மூப்பர் ஞானமுத்துவின் பெயரில் எழுதிவைத்தான். அன்றே வேண்டாமென்றேன். கேட்கவில்லை. இன்று அந்த மூப்பரே, மனை என்னுடையது, காலி செய் என்கிறார்.

தம்பி மரணப்படுக்கையில் கிடந்தபோது, “எடம் ஒன்னுதுதாம்ப்பா, எம் பேரு வெறும் பேருதான், நிம்மதியாப் போ” என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இருவர். தம்பி, நான். ரூத் அப்போது அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி இந்தக் குறிப்பில் அவர் பெயரை முழுவதும் எழுதப்போவதில்லை. ஞா. போதும்.

சாட்சிக் கூண்டில் சேவகன் வேதப் புத்தகத்தை நீட்டினான். நான் கை நீட்டவில்லை. உறுதிமொழி மட்டும் சொன்னேன். ஆண்டவர் சத்தியம் செய்வதையே விலக்கியிருக்க, புத்தகத்தின்மேல் கைவைத்தால் அது விலக்கில்லாமற் போகாது. என் ஆம் ஆமாகவும் என் இல்லை இல்லையாகவும் இருக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றைச் சேர்ப்பவன், சேர்க்காத வேளைகளில் தான் பொய்யன் என்று ஒப்புக்கொள்கிறான். சட்டம் இதை மதிக்கிறது. என்னைப்போல் மறுப்பவனுக்கு உறுதிமொழி போதும் என்கிறது. சபையார் சிரிக்கிறார்கள்.

கேட்டதைச் சொன்னேன். குறுக்கு விசாரணை எதிர்பார்த்தேன். ஞா.வின் வக்கீல் எழுந்து கேள்வியே கேட்கவில்லை. “இந்தச் சாட்சி எங்கள் ஆலயத்தில் நற்கருணை மேசைமேல் கைவைத்து, தாம் சொன்னது உண்மையென்று சத்தியம் செய்யட்டும். செய்தால் என் கட்சிக்காரர் அதற்குக் கட்டுப்பட்டு வழக்கை விட்டுவிடுகிறார்.”

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குகிற பழைய ஏற்பாட்டை நமக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். சட்டத்தில் இடம் உண்டு. நான் செய்ய மாட்டேன் என்பது ஞா.வுக்குத் தெரியும். இருபது வருடம் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர். தலைகுனிந்து, ஜெபிக்கிறவர்போல நின்றார்.

முன்சீப் முகம் தெளிந்தது. தீர்ப்பு எழுதும் பாரம் இறங்கியது அல்லவா. “யோசித்து வியாழனன்று சொல்லுங்கள்.”

வராந்தாவில் எழுமலைப் பக்கத்துக் குடியானவர் இருவர், வேறு வழக்குக்கு வந்தவர்கள்:

“ஏன் மாப்ள, வேதக்காரவுகளும் கற்பூரம் அணைப்பாகளா?”

“அவுகளுக்கு ஏதுய்யா கற்பூரம். மேசையாம்.”

“மேசையா! அப்ப நம்ம முன்சீப்பு முன்னாடி கெடக்கே, அதுல அடிச்சுட்டுப் போகவேண்டியதுதானே, எதுக்கு அம்புட்டுத் தூரம்?”

சிரிப்பு. எனக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்.

பல் வலி. கிராம்புத் தைலம். வக்கீலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். குடை ரிப்பேர்.

மாலையில் போதகர் வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு:

“ஒரு வார்த்தைதானே ஐயா. பொய்ச் சத்தியமா கேக்குறாக? உள்ளதைத்தானே சொல்லப் போறீக. அந்தப் பொம்பளைக்கு வீடு நிக்கும்.”

“அதே உள்ளதை மூப்பரிடம் நீங்கள் கேட்டீர்களா?”

“அவுக பெரியவுக...”

“நானும் ரூத்தும் சிறியவர்கள்.”

பிறகு, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போவது தகாது என்று எனக்கே போதித்தார். வழக்குப் போட்டது ஞா. போதனை எனக்கு. சபைக்குள் விசாரிக்கும்படி நான் எழுதிக்கொடுத்த மனு கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டித் தலைவர் ஞா. சபையில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிற கட்டளை அது. நியாயத்தை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு, வெளியே தேடாதே என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் இல்லை.

போதகர் எழுந்தபோது சொன்னார்: “ஒங்க மனச்சாட்சி ரொம்பக் கனமானது ஐயா. தூக்குறது வேற யாரோ.”

இரவு உணவு வேண்டாமென்றேன்.

ஜூலை 24, புதன்.

காற்று அடங்கவில்லை. வக்கீல் வீடு, பிறகு பழங்காநத்தம்.

என் கோபத்தை ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன். ஞா. பேராசைக்காரர், அது பழைய பாவம், புதிதல்ல. என்னைச் சுடுவது முன்சீப். நியாயாதிபதி தேவனுடைய ஊழியக்காரன், அவன் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் சரி. இரு தரப்பையும் கேட்பது, எடை போடுவது, முகம் பாராமல் முடிவு சொல்வது, இதற்கென்றே அந்த நாற்காலி. சாட்சி கண்முன் நிற்கிறான்; அவனை நம்புவதா தள்ளுவதா என்று தீர்மானிக்காமல், மேசையிடம் போய்க் கேள் என்கிறார். தவறான தீர்ப்புக்கு நான் கீழ்ப்படிவேன். தீர்ப்பே சொல்லாத நியாயாதிபதிக்கு எப்படிக் கீழ்ப்படிவது?

ரூத் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைக்கவில்லை.

“அத்தான், பண்ணுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பண்ணாதீகன்னு சொல்லவும் வரல.”

“நான் செய்வதற்கில்லை, ரூத்.”

“தெரியும். அவுகளே சொல்லுவாக, அண்ணன் வளையமாட்டாருன்னு.” புடைத்தாள். “சாகும்போதும் அதைத்தான் சொன்னாக. பெருமையாத்தான் சொன்னாக.”

பெருமை. அந்தச் சொல்லோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூலை 25, வியாழன்.

மறுத்தேன். காரணத்தைச் சொன்னேன். முன்சீப் குறித்துக்கொண்டார். பேனா ஓடிய வேகத்தில் தெரிந்தது: சத்தியத்துக்குப் பயந்தவன் என்று என்னை முடிவுகட்டிவிட்டார்.

அடுத்து நடந்தது நான் எதிர்பாராதது. எங்கள் வக்கீல் எழுந்து, அதே சத்தியத்தை அதே மேசையில் ஞா. செய்யட்டும், என் கட்சிக்காரி கட்டுப்படுகிறாள் என்றார்.

அவர் கையைப் பிடித்தேன். “யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?”

“அண்ணே, அம்மாதான் சொல்லச் சொன்னாக. பதறாதீக. அந்தாளு மேசைகிட்டக்கூட வரமாட்டாரு.”

ரூத்திடம் போனேன். வராந்தாத் தூண் அருகே, முக்காடு நழுவாமல் நின்றாள்.

“இது நிறுத்தப்பட வேண்டும். அவர் சத்தியம் செய்துவிட்டால் சட்டப்படி அதுவே முடிவான சாட்சி. அதற்கு எதிராக ஒரு சொல் எடுபடாது. அப்பீலுக்கும் வழியில்லை.”

“செய்யமாட்டாக அத்தான். பொய்யச் சொல்லி அந்த மேசையில கைய வைக்க எந்த வேதக்காரனுக்கும் நெஞ்சு வராது. ஞாயித்துக்கெழம அந்தக் கையாலதானே அப்பத்தட்டை எடுத்துட்டு வர்றாரு?”

“அந்தக் கையால்தான் உன்மேல் வழக்கும் போட்டார்.”

“அது கோர்ட்டு அத்தான். கோர்ட்டுல எல்லாரும் பொய் சொல்றாக.”

நம் ஜனங்களின் முழு மதமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கோர்ட்டில் சொல்லும் பொய் பொய்யில்லை. மேசையில் சொல்லும் பொய்தான் பொய். ஆண்டவர் விலக்கியது இதைத்தான். ஆனால் வழக்கு அவளுடையது, வீடும் அவளுடையது. நான் சாட்சி மட்டுமே.

ஞா. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, “சம்மதம்.” செவ்வாய்க்கிழமை ஆலயத்தில். கோர்ட்டு கமிஷனர் முன்னிலையில்.

ஜூலை 28, ஞாயிறு.

நற்கருணை ஆராதனை. ஞா. தட்டைச் சுமந்து வந்தார். நான் எடுக்கவில்லை. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. ரூத் எடுத்தாள். எடுக்கும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

“பாத்தீகளா,” என்றாள் வெளியே வந்து. “கண்ணைக் கொடுக்க முடியல.”

கண்ணைக் கொடுக்க முடியாதவன் கையைக் கொடுப்பான். சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு நாள் நிம்மதி இருக்கட்டும்.

பல் வலி தேவலை.

ஜூலை 30, செவ்வாய்.

காலையில் தூறல். ஆலயத்தில் நாங்கள், இரு வக்கீல்கள், போதகர், சபையார் சிலர். கமிஷனர் ஒரு சின்ன வயது வக்கீல், நெற்றியில் நாமம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கி, கழற்றினார்.

ஞா. வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு. ரூத்தின் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. மேசைக்கு ஐந்தாறு அடி இருக்கும்போது நின்றார். எங்கள் வக்கீல் என் விலாவில் இடித்தார்: “பாத்தீகளா அண்ணே.”

ஞா. நெருங்கி, மேசைவிரிப்பின் சுருக்கத்தை இடது கையால் நீவிவிட்டு, வலது கையை வைத்தார்.

கமிஷனர் வாக்கியம் வாக்கியமாக வாசிக்க, அவர் திருப்பிச் சொன்னார். மனை எனக்காக நானே வாங்கியது. இறந்தவருக்கு அதில் பாத்தியம் இல்லை. அப்படி இருப்பதாக நான் எவரிடமும் எப்போதும் சொன்னதில்லை. இது தேவனறியச் சத்தியம். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று நான் நினைக்கவுமில்லை. ரூத் நினைத்திருந்தாள்.

நான் உண்மையைச் சொன்னேன். அது ஒரு சொல். அவர் பொய்யைச் சத்தியம் செய்தார், அது முடிவு.

கமிஷனர் மையை ஒற்றினார். “முடிஞ்சுதுங்க. எல்லாரும் போகலாம்.”

ரூத் போகவில்லை. போதகரைப் பார்த்துக் கேட்டாள்:

“ஐயா, இந்த மேசையில எதைச் சொன்னாலும் கடைசியா ஒண்ணு சொல்லுவீகளே. சொல்லலியே?”

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆமென் சொல்லுங்க ஐயா. நீங்க சொல்லிட்டீகன்னா சாவியை இப்பவே இவுக கையில கொடுத்துட்டுப் போறேன்.”

ஞா.வின் கை மேசைமேலேயே இருந்தது. கமிஷனர் பேனாவை மறுபடி திறந்தார். “அது என்னங்க? அதையும் எழுதணுமா?”

‘இது மெய், அப்படியே ஆகட்டும்’ என்று அதற்குப் பொருள் என ஒருவரும் அவருக்கு விளக்கவில்லை. போதகரின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. மூப்பரைப் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார், கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

கோர்ட்டு டிக்ரி நாளை. வீட்டுக்கு மூத்தவன் என்று, சாவியை ரூத்திடமிருந்து வாங்கி டிக்ரிப்படி ஒப்படைக்க வேண்டியவன் நான். ஜட்கா வண்டியில் பழங்காநத்தம் வரை எதிரெதிரே உட்கார்ந்து போனோம். சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள். நான் கேட்கவில்லை.