மலைக்கு விசிறி கொண்டு போன கோடை

அக்கா,

இன்று காலை பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினோம். அடியில் உங்கள் பனையோலை விசிறி கிடந்தது. சிவப்புத் துணி வைத்து நீங்கள் ஓரம் தைத்தது. ஒரு பக்கம் கருகியிருக்கிறது. என் மருமகள் அதை எடுத்துப் பார்த்து, "கரண்ட் போனா வீசுறதுக்கா அத்தை?" என்றாள். "இது கொடைக்கானல் போன விசிறிம்மா" என்றேன். குளிர் ஊருக்கு விசிறியா என்று அவள் விழித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுக்குக் கதை கேட்க நேரமில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு லீவுக்கு எங்கே போவது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். கூடவே சிரிக்க வேண்டிய நீங்கள் போன வருஷமே போய்விட்டீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். குரும்பலூரில் நமக்கு லீவு என்று என்ன இருந்தது? பரீட்சை முடிந்த கையோடு மூன்று நாத்தனார்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் பிறந்த வீடு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நமக்கு விடிந்ததிலிருந்து இட்லிப் பானை, அது இறங்கினால் சோற்றுப் பானை. வெளியே சித்திரை வெயில், உள்ளே அடுப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லீவு யாருக்குடி வுட்டுருக்காங்க?" என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் பல வருஷங்கள் அந்த அடுப்பில் தனியாகவே நின்றவர் நீங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் பெரம்பலூர் பக்கம் அந்தப் புதுப் பழக்கம் வந்தது. ஆபீஸ் வேலையில் இருந்தவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினார்கள். நம் எதிர்வீட்டு டீச்சரும் போய் வந்து தைல பாட்டில் ஒன்று கொடுத்தார், ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும் போட்டோவையும் காட்டினார்.

"அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

"யாரும் இல்லீங்க."

"அப்ப சாப்பாடு?"

"ஓட்டல்லதான்."

தெருவைத் தாண்டி வருவதற்குள் என் கையைக் கிள்ளிவிட்டீர்கள். "கேட்டியாடி! ஓட்டல்லயாம்!"

அன்றிலிருந்து நமக்கு வேறு பேச்சே இல்லை. மாவு ஆட்டும்போது கொடைக்கானல், கீரை ஆயும்போது கொடைக்கானல். உங்கள் வீட்டுக்காரர், என் பெரிய மாமா, ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டார். உங்கள் கொழுந்தனாரை நான் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தேன். மாமியாரிடமும் நாத்தனார்களிடமும் யார் சொல்வது என்பதுதான் மிச்சம். அவர்கள் முகம் கோணினால் பயணம் அத்தோடு சரி என்று நமக்குத் தெரியும்.

கல்லங்குறிச்சிக் கோயில் தேருக்கு எல்லோரும் போயிருந்தோம். சாமி கும்பிட்டு மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தபோது ஜெயங்கொண்டத்து நாத்தனார், "அண்ணி, பரீட்சை முடிஞ்சதும் வந்துடறோம்" என்றார்.

"வாங்க, வாங்க. நல்லா இருந்துட்டுப் போங்க. நாங்கதான் வூட்ல இருக்க மாட்டோம், கொடைக்கானல் போறோம்."

இப்படிப் போட்டு உடைத்துவிட்டீர்களே என்று நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப எங்களுக்கு யாரு பொங்கிப் போடுறது?"

நீங்கள் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தபடியே, "அடுப்ப நாங்க தூக்கிட்டா போறோம்? அங்கதான இருக்கும்" என்றீர்கள்.

மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "மலைக்குப் போறதுக்கு அப்படி என்ன வேண்டுதல்?"

"ஆமாங்கத்த, வேண்டுதல்தான். ரொம்ப வருஷமா இருக்கு."

பெரிய மாமா தொண்டையைக் கனைத்து, "வுடும்மா, நானுந்தான் போறேன்" என்றார். மாமியார் குனிந்து தன் இலைச் சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

என்னவெல்லாம் கட்டினோம்! வெயில் காலப் பயணமாயிற்றே என்று மண்கூஜா நிறையத் தண்ணீர், நன்னாரி, மெல்லிசான நூல் புடவைகள், ஆளுக்கொரு விசிறி. போர்வை ஒன்றுகூட இல்லை. மே மாதத்தில் குளிரும் என்று சொன்னால் நம் ஊரில் யார் நம்புவார்கள்? டீச்சர் சொன்னதைக்கூட அலட்டல் என்றுதானே நினைத்தோம்.

திருச்சியில் பஸ் மாறி, வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஏற, பஸ்ஸில் பாதிப் பேர் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார்கள். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லாட்ஜுக்குள் நுழைவதற்குள் பிள்ளைகளுக்குப் பல் கிடுகிடுத்தது. காவலுக்கு இருந்தவர் இரக்கப்பட்டு ஓர் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கொடுத்தார். அது அணைந்து அணைந்து போனது. நீங்கள் விசிறியை உருவி எடுத்து, சட்டிமுன் உட்கார்ந்து வீசினீர்கள். "பாத்தியா, கொண்டாந்தது நல்லதாப் போச்சு!" ஓரம் கருகியது அப்போதுதான். கரி கனிந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை கதவைத் தட்டி ஓட்டல்காரர் காப்பி கொடுத்தார். நீங்கள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஆறிடும்க்கா."

"இருடி. நான் எந்திரிக்காமயே காப்பி வந்துருக்கு. செத்த நேரம் பாத்துக்கறேன்."

உங்களுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஏரி, படகு, பூங்கா எல்லாம் பார்த்தோம். அவ்வளவும் இப்போது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

அடுத்த கோடையில் ஜெயங்கொண்டத்து நாத்தனார் முந்திரிப்பழக் கூடையோடு வந்து நின்று, உட்காருவதற்குள்ளேயே, "இந்த வருஷம் எங்க அண்ணி போறீங்க? நானும் வரட்டா?" என்று கேட்டாரே, அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருப்போம்!

மருமகள் சற்று முன் போனை என்னிடம் நீட்டினாள். மலைமேல் ஒரு வீட்டுப் படம். "இங்க கிச்சனும் இருக்கு அத்தை. காஸ், பாத்திரம் எல்லாம் குடுக்குறாங்க. நானே சமைச்சிடுவேன். எடுத்துடவா?"

"அடுப்பே இல்லாத இடமாப் பாரும்மா" என்றேன்.

"அப்ப சமையல்?"

"ஓட்டல்லதான்."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அக்கா. மறுபடி தேட உட்கார்ந்துவிட்டாள். விசிறியைப் பழைய பெட்டியில் திரும்ப வைக்காமல் என் பயணப் பையில் எடுத்து வைத்துவிட்டேன், அதுவும் வரட்டும். காலையில் காப்பி அறைக்கே வருமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.