குஞ்சியப்பாவின் பீப்பா

யூன் 23, திங்கள்

வெயில். ஜன்னலைத் திறந்தால் லாச்சப்பல் தெருச் சத்தம் முழுவதும் வீட்டுக்குள் வருகிறது. மூடினால் அவிகிறது.

பெரிய கேத்தல் இன்று ஐந்து தரம் நிரப்பியாயிற்று. குஞ்சியப்பா செத்து இன்று நான்காம் நாள். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தவர். வேலை செய்த ரெஸ்ரோரன்ற் குசினியிலேயே விழுந்தார். இதயம். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். வருகிற வெள்ளிக்கிழமைதான் எரிக்க இடம் கிடைத்திருக்கிறது. அதுவரை சனம் வந்தபடி.

தேத்தண்ணி என் பொறுப்பு. நல்லது. குசினிக்குள் நின்றால் ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்னைப் பற்றிக் கேட்டது:

"இவ இப்ப என்ன படிக்கிறா?"

"விட்டிட்டாவாம்."

"வாயும் திறக்கமாட்டாவோ?"

மத்தியானம் சீனி டப்பா எடுக்கக் குனிந்தபோது கை குஞ்சியப்பாவின் சின்னப் பிறிட்ஜில் பட்டது. சுவர் மாதிரிச் சூடு. சத்தமில்லை.

போன வெள்ளிக்கிழமை, அவர் செத்த அன்று பின்னேரம், முதல் ஆட்கள் வந்தபோது, கேத்தலுக்குச் சரியான பிளக் இது ஒன்றுதான் என்று பிறிட்ஜைக் கழற்றியது நான். திரும்பக் குத்த மறந்துபோனேன். இன்று குத்தினேன். ஒருமுறை உறுமியது. நின்றுவிட்டது. பிறகு எதற்கும் அசையவில்லை.

உள்ளே பீப்பா, பூட்டிய சின்ன காஸ் சிலிண்டரோடு. அவரே காய்ச்சிய பியர், பத்தொன்பது லீற்றர். சாவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, அதைத் தட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும், பிறகு திறப்பம்" என்றார். ஒரு வாய் பார்க்கவில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை.

யூன் 24, செவ்வாய்

இன்னும் சூடு. ரிவியில் கனிக்யூல், கனிக்யூல் என்று வெப்ப அலைக்கு அதே சொல்.

சனிக்கிழமை எட்டுச்செலவு. நான் பார்த்ததில்லை. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைப்பதாம். அன்றைக்குச் சைவம் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்:

கணவாய்க் கறி
இரத்த வறை
மரவள்ளி
நண்டு (கால் உடைந்தது வேண்டாம்)
குடி ஏதும்

"விஸ்கி நான் கொண்டு வாறன்," என்றார் மணியம் மாமா. அப்பாவின் சிநேகிதர், மீன்கடையில் வேலை.

"அவன் விஸ்கி தொடான். தான் காய்ச்சினதைத்தான் குடிப்பான்," என்றார் அப்பா.

"பிறகென்ன, அது உங்கை பிறிட்ஜுக்கை கிடக்குத்தானே. அதை வைப்பம்."

அப்பா தலையாட்டினார். இந்த ஐந்து நாளில் அவர் ஏதோ ஒன்றுக்குச் சம்மதித்தது இதுதான்.

பிறிட்ஜ் கதவில் லோரோனின் நம்பர் ஒட்டியிருக்கிறது. குஞ்சியப்பாவோடு அதே குசினியில் வேலை செய்தவர், பியர் காய்ச்சும்போதும் கூட்டாளி. ரெலிபோனில் பிரெஞ்சு கதைக்க என்னால் முடியாது. எழுதினேன். நான்கு வரிக்கு அரை மணித்தியாலம். பிறிட்ஜ் பழுது, பீப்பா சூடு, சனிக்கிழமை வேண்டும்.

உடனே பதில். குவியலாக. சுருக்கம்:

திறக்காதே. குலுக்காதே.
காவுக்குக் கொண்டு போ, அந்த நிலவறை குளிர்.
ஈரத்துணி சுற்று. காயவிடாதே.
சூடேறினால் காஸ் பியரை விட்டு வெளியே வந்துவிடும். காஸைக் கொஞ்சம் கூட்டி வை. ஊற்றும்போது மட்டும் குறை.

கெட்டிருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம். தெரியாது."

பிறிட்ஜுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் எழுதவில்லை.

யூன் 25, புதன்

வேலை ஆலோசகரைச் சந்திக்கப் பத்து மணிக்கு ரொந்தேவு. போகவில்லை.

நான்கு மாடி, லிப்ற் இல்லை. பீப்பாவை வாசல் வரை இழுத்தேன். அம்மா கண்டுவிட்டா.

"எங்கை கொண்டு போறாய்?"

"கீழை, காவுக்கு. பிறிட்ஜ் வேலை செய்யேல்லை. குலுங்கக் கூடாதாம்."

குஞ்சியப்பா இருந்தவரை இந்தப் பீப்பாவைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. வீடு கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது என்று சண்டை. இன்று சேலையைச் செருகிக்கொண்டு மற்றக் கைப்பிடியைப் பிடித்தா. படிக்குப் படி நின்றோம்.

"மெல்ல. மெல்லப் பிள்ளை. உயிரோடை இருக்கேக்கை ஒரு நாள் இதுக்குக் கை குடுத்திருப்பனோ," என்றா. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

பிறிட்ஜ் எப்படிப் பழுதானது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

காவ் கும்மிருட்டு. ஆனால் குளிர். குஞ்சியப்பா இடுப்பில் உடுத்த பழைய சாரம் இரண்டை நனைத்துச் சுற்றினோம்.

யூன் 26, வியாழன்

மழை வருமாம். வரவில்லை.

சாரம் நனைத்தது: காலை, மத்தியானம், பின்னேரம். வாளியோடு ஏறி இறங்கிக் கால் உளைகிறது.

மூடியில் ஒரு வளையம். இழுத்தால் சீற வேண்டும் என்று லோரோன் எழுதியிருந்தார். இழுத்தேன். சீறியது. காஸ் இருக்கிறது.

நான் குடித்ததில்லை, மணம் மட்டும் தெரியும். அவருடைய பியர் பாணும் தோடம்பழத் தோலும் சேர்ந்த மணம். இன்று பாண் இருந்தது. தோடம்பழத்துக்குப் பதில் வேறு ஏதோ. மூக்கை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

யூன் 27, வெள்ளி

போனோம். வந்தோம். வீடு கழுவினோம்.

லோரோன் வந்திருந்தார். நெட்டை, நீலச் சட்டை. வரிசையில் என் பக்கத்தில் வந்து, பீப்பா எப்படி என்று காதுக்குள் கேட்டார். ஆரோ நோயாளியைக் கேட்பது போல.

வேறு எழுத முடியவில்லை.

யூன் 28, சனி

விடியவே மணியம் மாமா மீன்கடை ஐஸ் மூன்று பெட்டி கொண்டுவந்தார். பீப்பாவை மேலே ஏற்றிச் சோறு காய்ச்சும் கிடாரத்துக்குள் இறக்கினோம். சுற்றி ஐஸ், மேலே கல்லுப்பு.

அம்மா: "மீன் மணக்குது. பியரும் மணக்கப் போகுது."

மாமா: "பூட்டின பீப்பாவுக்கை மீன் நீந்திப் போகுமோ தங்கச்சி?"

ஆறு மணித்தியாலம் தொடாமல் விட்டோம். பிறகு படையல். படத்துக்கு முன்னால் இலை, கறிகள். கடைசியாகக் கிளாஸ். அப்பா குழாயைப் பயந்து பயந்து கொஞ்சமாகத் திறந்தார். முழுக்க நுரை. இன்னொரு கிளாஸ். அதுவும் நுரை.

"என்ன, பால் கறக்கிறியோ?" ஆரோ பின்னாலிருந்து. சிரிப்பு.

லோரோன் கதவடியிலிருந்து என்னைப் பார்த்தார். அரைவாசி திறந்தால் நுரைதான் வரும் என்று எனக்கு எழுதியிருந்தார். இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் எப்படி?

"காஸைக் குறைச்சிட்டு முழுசாத் திறவுங்கோ அப்பா."

என் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள். அப்பா கிளாஸை என் பக்கம் நீட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நிண்டு பாராமல் ஊத்து," என்றா.

காஸைக் குறைத்தேன். கிளாஸைச் சரித்தேன். முழுதாகத் திறந்தேன். மஞ்சளாக, இரண்டு விரல் நுரையோடு. அதைப் படத்துக்கு முன்னால் வைத்தோம்.

பிறகு மற்றவர்களுக்கு. மணியம் மாமா: "திறம்! அவன் காய்ச்சினதிலை இதுதான் திறம்." அப்பா: "முந்தி எப்ப குடிச்சனி?"

லோரோன் வாயில் வைத்துக் கனநேரம் விழுங்கவில்லை. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும்: "கொஞ்சம் புளித்துவிட்டது." தோளில் தட்டினார்.

ஆகவே கெட்டது. என்னால்.

பின்னேரம் படைத்ததில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சந்தியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். "வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வாங்கோ," என்று அம்மா சொல்லியனுப்பினா. அப்பாவிடம் தட்டு, என்னிடம் புதிதாக ஊற்றிய கிளாஸ். இரண்டாம் மாடியில் நின்றேன்.

"அப்பா. பிறிட்ஜின்ர பிளக்கை நான்தான் கழட்டினனான். தேத்தண்ணிக்கு. பிறகு மறந்திட்டன். புளிச்சுப் போச்சாம்."

அப்பா ஒரு படி கீழே நின்றார். திரும்பவில்லை.

"ஆருக்குத் தேத்தண்ணி?"

"வந்த ஆக்களுக்கு."

"அவனுக்கெண்டு வந்த ஆக்களுக்குத்தானே," என்றார். இறங்கினார்.

இன்னும் நல்ல வெளிச்சம். ரூ பெர்தொனே தெரு முடிகிற மூலையில், சுவரோரம் தட்டையும் கிளாஸையும் வைத்தோம். கும்பிட்டோம். நடந்தோம். பத்து அடி போயிருக்காது.

"முசியே!"

அப்பா திரும்பிவிட்டார். நானும். அந்த மூலையில் படுக்கிறவர், தாடிக்காரர். கிளாஸை மறந்துவிட்டீர்கள் என்றார். உங்களுக்குத்தான் என்று அப்பா கையால் காட்டினார்.

அந்த மனிதர் ஒரே மூச்சில் அரைவாசி குடித்தார். தாடியில் நுரை. கிளாஸை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார்.

"மோன் ஃப்ரேர்," என்றார் அப்பா. "என் தம்பி செய்தது."

"நல்லா இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லுங்கள். இன்னும் இருக்கிறதா?"

அப்பா சுவரோரம் அப்படியே குந்திவிட்டார். இன்று முழுக்க அவர் ஒரு வாய் குடிக்கவில்லை.

"கிடக்கோ?" என்னைக் கேட்டார்.

"அரைவாசி கிடக்கு."

"ரெண்டாக் கொண்டு வா."

நான்கு மாடி. இரண்டு கிளாஸ். நுரை தளும்பாமல் இறங்கினேன்.