இரண்டாம் பாதி சொல்கிறவள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று மொத்தமாகக் கேட்டால் "நலம்" என்று மொத்தமாக எழுதிவிடுவீர்கள். அதனால் முழங்கால் நலமா, சர்க்கரை நலமா, நின்ற இடத்தில் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வியர்க்கிறதே, அது நலமா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். போனில் நாம் இருவரும் கூசாமல் பொய் சொல்கிறோம். கடிதத்தில் அவ்வளவு சரளமாக வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். உங்கள் ஊர்த் தியேட்டரில் நீங்களும் அதே படத்துக்கு உட்கார்ந்திருப்பீர்கள். இடைவேளையில் காபி குடித்துவிட்டு, விளக்கை அணைத்ததும் தூங்கியிருப்பீர்கள். ஒரே வீட்டில் இருந்த காலத்தில் என் தோளில் தூங்குவீர்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் மீதிக் கதையை நான் சொல்லிக்கொண்டு வரவேண்டும். இப்போது தோளுக்கு எங்கே போவது? சுவரோரமாகப் பார்த்து உட்காருங்கள்.

மீதிக் கதை இதுதான். மூடுபனியில் தொலைந்த குதிரை அவனுக்குக் கிடைக்கவே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரியின் வீட்டில் தங்குகிறான். விடிகிற நேரத்தில் வாசலில் குளம்படிச் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் பனி மட்டும். தினமும் இப்படித்தான். கடைசிக் காட்சியில் அவன் கதவைத் திறக்கவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறான், சிரித்த முகமாக. பின்சீட்டுக்காரர், "கடைசில குதிரை கெடைச்சுதா இல்லையாப்பா?" என்று பொதுவாக எல்லோரையும் கேட்டார்.

நம் பூனை மேனேஜர் சௌக்கியம். மருந்துக்கடை மேசையில் ஏறி உட்கார்ந்து, இருக்கிற ஒற்றைக் கண்ணால் வருகிறவர்களை எடை போடுகிறான். அவன் முறைத்தால் யாரும் தள்ளுபடி கேட்பதில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, இடது அக்குளுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி. டாக்டரம்மா ஊசியால் குத்தி எடுத்துச் சோதிக்கவேண்டும் என்கிறார். பார்க்கலாம்.

கடையில் என்னோடு வேலை பார்க்கிற பெண் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன்தான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாரே, இவங்க இன்னும் எப்படிக்கா அண்ணி?" என்று கேட்கிறாள். "போனது அண்ணன்தானேடி" என்றேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 15

அடி மருந்துக்காரி,

முழங்கால் அப்படியே. சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கொதிப்பு வந்தால் நூலகத்தில் நாளிதழ்களால் விசிறிக்கொள்கிறேன். பழைய செய்திக்குக் காற்று அதிகம்.

எங்கள் வாசகர்கள் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சம்பந்தமில்லாத அலமாரியில் ஒளித்து வைப்பார்கள். தோட்டக்கலைக்குப் பின்னால் துப்பறியும் நாவல் இருக்கும். இத்தனை வருடம் தேடித் தேடி எடுத்தவளிடம், குதிரைக்கும் பூனைக்கும் பின்னால் ஒரு கட்டியை ஒளித்து வைக்கிறாயே! இந்த வாரமே சோதனைக்குப் போ.

நான் தூங்கியபோது அந்தக் குதிரை என் நூலகத்துக்கு வந்தது. ஈரப் பிடரியோடு அலமாரிகளுக்கு நடுவே, ஒரு புத்தகத்தையும் தட்டிவிடாமல் நடந்தது. அதன் முதுகில் நீ. "எங்கடி கிளம்பிட்ட?" என்றேன். "தெரியல அண்ணி, இதுகிட்டத்தான் கேக்கணும்" என்றாய். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து, ஒவ்வொரு அலமாரியாக அழித்தது. விழித்தபோது தியேட்டரைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடித்த நாவல் அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே. சொன்னால் கேட்கவா போகிறாய்?

ஆசியுடன்,
அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டாமல் படியுங்கள். இன்னும் போகவில்லை. மேனேஜர் வேறு யார் கையாலும் சாப்பிடமாட்டான். என்னை இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டால் அவன் கதி? கடையிலும் ஆள் போதவில்லை. சிரிக்காதீர்கள். "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் மாத்திரை தரேன்" என்று தெருவையே விரட்டுகிறவள் நான்தான். பட்டாணி இப்போது கொஞ்சம் பெரிய பட்டாணி.

நாவல் வந்தது. கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. திருப்பப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. முடிவு தெரியாமல் முதல் வரியைத் தொடாதவள் நான். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இப்போதெல்லாம் தெரியாமல் இருப்பது ஒரு போர்வை மாதிரி இருக்கிறது, அண்ணி. இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலங்கரை விளக்கப் படத்துக்குப் போனேன். இடைவேளையில் வெளியே வந்தேன். தெருவெல்லாம் வெயில். ஒரு பெண் சைக்கிளில் பெரிய நிலைக்கண்ணாடியைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குள் மேகம் நகர்ந்தது. அதன் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

மன்னியுங்கள். மீதிக் கதை என்னிடம் இல்லை.

உங்கள் நாத்தனார்

மார்ச் 7

அடியே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று அதே படத்துக்குத் திரும்பப் போனேன். இடைவேளைக்குப் பிறகு உட்காரவே இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரமாக நின்றேன். டிக்கெட் கிழிக்கிறவர் வந்து, "சீட்டு இருக்கேம்மா, ஏன் நிக்கிறீங்க?" என்றார். "உக்காந்தா தூங்கிடுவேம்ப்பா" என்றேன். "அப்ப வீட்லயே தூங்கலாமே!" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் மனசு கேளாமல் ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் பார்த்தேன். புயலில் விளக்கு அணைந்துவிடுகிறது. காவல்காரி மணியை அடிக்கிறாள். கை ஓய்ந்ததும் பாடுகிறாள். குரல் கட்டியதும் பேசுகிறாள்: கடலைப் பார்த்து, வீட்டுக் கதை, கோழிக் கதை, வாய்க்கு வந்தது எல்லாம். இருட்டில் ஒரு படகு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அது கரை சேர்ந்ததா என்பதை எழுதமாட்டேன். டாக்டரம்மா வீட்டு வாசல் பெஞ்சில் வைத்துத்தான் சொல்வேன். சனிக்கிழமை வருகிறேன். மேனேஜருக்கு நான் ஊட்டுகிறேன். பூனை பக்கத்தில் வந்தாலே எனக்குத் தும்மல் வரும், தெரியும். தும்மலுக்கு மாத்திரை எடுத்து வை. மருந்துக்கடைதானே வைத்திருக்கிறாய்?

அண்ணி

மார்ச் 28, மருத்துவமனை வராந்தா

என் கண்ணே,

நீ உள்ளே தூங்குகிறாய். நான் வெளியே விழித்திருக்கிறேன். இப்படி நடந்ததே இல்லை. மயக்கம் தெளிந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்பாய். சொல்ல விட்டுப்போய்விடும் என்று எழுதி வைக்கிறேன்.

உன்னைத் தள்ளிக்கொண்டு போனதும் நர்ஸ் வந்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"அண்ணி."

"அப்ப அவங்க அண்ணன் எங்கம்மா?"

"அண்ணன் இல்ல. அண்ணி மட்டும்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, இங்கயே இருங்க" என்றாள்.

பிறகு எதிர்பெஞ்சில் ஒருவர் வாய் திறந்து தூங்கினார். ஜன்னல் வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து என் செருப்பைத் தொட்டது. காலையில் மேனேஜர் என் கையால் சாப்பிட்டதை உன்னிடம் சொன்னேனா? முதலில் முறைத்தான். நான் தும்மினேன். பயந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டான்.

ஊசிச் சோதனையின் முடிவைக் கேட்டபோது நீ அழவில்லை. "ஆபரேஷன் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாய். வெளியே வந்த பிறகுதான், "அந்தப் படகு கரைக்கு வந்துதுன்னீங்களே, நிஜமாவா?" என்றாய். நிஜம்தான். சந்தேகமென்றால் தேநீர் கொடுத்தவரைக் கேள்.

டாக்டர் இப்போதுதான் வெளியே வந்தார். "எடுக்க வேண்டியத எடுத்துட்டோம். மத்தது ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்" என்றார். இதுவரை நடந்தது இவ்வளவுதான். உன் பையில் அந்த நாவல் இருக்கிறது. கை துறுதுறுத்தது, ஆனால் நானும் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

அவசரமாக விழிக்காதே. நன்றாகத் தூங்கு. இடது பக்கம் கட்டுப் போட்டிருக்கிறார்களாம். நான் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். தோள் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

அண்ணி