இடக்கை எழுதிய போர்டுகள்

1955 ஜனவரி 9, ஞாயிறு

காலை முழுவதும் காமிராவோடு சாலைக் கடைத்தெரு. எட்டுப் படம், எட்டும் கடைப் போர்டுகள். ஒன்றில் ஓர் ஆள் ஏணிமேல் நின்று ‘வாழைக்காய் மண்டி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. ‘ழ’வின் வால் பூனைவால்போல மேலே சுருண்டு நிற்கிறது. மராமத்து ஆபீஸில் பத்து வருஷமாகப் பிளான் வரைகிறேன். அப்படி ஒரு வளைவு எனக்கு வந்ததில்லை.

“கோவில் இல்லே, மனுஷா மூஞ்சி இல்லே, வெறும் போர்டாக்கும்!” என்று லலிதாம்பாள் சிரித்தாள். மனைவி சிரிக்கிற வரைக்கும் பயமில்லை.

ஜனவரி 22, சனி

எனக்கு பிலிம் கழுவித் தருகிற தம்பானூர் ஸ்டூடியோ வேதமாணிக்கம், ஏணி ஆளின் படத்தைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். கேட்கவே இல்லை. கோபம் வரவேண்டும். வரவில்லை. இரண்டு தடவை அந்த வழியாக நடந்தேன்.

பிப்ரவரி 3, வியாழன்

வேதமாணிக்கம் கூப்பிட்டனுப்பினார். ஸ்டூடியோவில் ஒரு பெண். உலகம்மை, கோட்டாற்றில் பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸுக்கு நின்றவள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள்.

“இது எனக்கத் தம்பி வேலப்பன், சார்.”

“முதுகுதானே தெரியறது?”

“இடக்கையால எழுதுகான், பாருங்கோ. அந்தக் கைக்கு அப்பாகிட்ட எவ்வளவு அடி வாங்கியிருக்கான்!”

நாலு வருஷத்துக்கு முன் பரீட்சையில் தோற்றானாம். தகப்பனார் பகவதிப்பெருமாள் அவனுடைய பெயின்ட் டப்பாக்களைக் கிணற்றில் வீசினார். அன்றைக்கே கிளம்பியவன்தான். வைகாசியில் இவளுக்குக் கல்யாணம்.

“மாப்பிள்ளைக்குக் காலு கழுவத் தம்பி வேணும். அவன் இல்லாம மணவறையில ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

மண்டிக்காரரிடம் விசாரித்தோம். எழுதினான், போனான், இருப்பிடம் தெரியாதாம்.

பிப்ரவரி 6, ஞாயிறு

மூன்று வருஷத்துப் படங்களைக் கூடத்தில் பரப்பினேன். பதினோரு போர்டில் அதே கை. தமிழானாலும் மலையாளமானாலும் வால் அதே வால். நான் விட்ட மூன்றை லலிதா கண்டுபிடித்தாள்! பழையவை சாலையில். அப்புறம் மணக்காடு, திருவல்லம். ஆள் தெற்கே நகர்ந்துகொண்டே போகிறான் — விழிஞ்ஞம் ரோட்டோடு.

ஒளிந்திருக்கிறவனைக் காட்டிக்கொடுக்க நான் யார்? ஆனால் அவள் மணவறை ஏறவேண்டாமா?

பிப்ரவரி 13, ஞாயிறு

உலகம்மையோடு விழிஞ்ஞம். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே ஒரு சாயாக்கடைப் போர்டு, பெயின்ட் காயவில்லை. உள்ளே பெஞ்சில் அவன். அக்காவைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். அவள் ஸ்டூடியோ படத்தைப் பற்றிச் சொன்னதும் என் பக்கம் திரும்பினான்.

“சாரு எதுக்கு என்னெக் காட்டிக் குடுத்தீரு?”

“நான் போர்டைத்தான் எடுத்தேன்” என்றேன்.

உலகம்மை அழவில்லை. “கல்யாணம் வச்சிருக்கு. வாறியா, இல்ல வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிப் போடட்டா?”

“அப்பா?”

“அப்பாகிட்ட நான் கேக்கல்ல.”

வைத்த கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “பாக்கலாம்” என்றான். அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் அவள் முகம் தெளிந்திருந்தது. “பாக்கலாம்னு சொன்னா வருவான், சார்.”

மார்ச் 2

ஒரு சேதியும் இல்லை. அந்தப் படத்தை ஏன்தான் எடுத்தேனோ.

மே 27, வெள்ளி. கோட்டாறு

உலகம்மை கல்யாணத்துக்கு லலிதாவும் வந்திருக்கிறாள். வேலப்பன் நேற்றே முதல் பஸ்ஸில் வந்துவிட்டானாம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவினான். உலகம்மை அப்போதுதான் அழுதாள். பகவதிப்பெருமாள் மகன் இருந்த பக்கமே திரும்பவில்லை.

சாப்பாட்டுக்கு முன் குடும்பப் படம். ரோலில் கடைசி ஒன்றுதான் பாக்கி. பொண்ணு மாப்பிள்ளை நடுவில். வேலப்பன் பந்தல் காலை ஒட்டி, பாதி உள்ளே பாதி வெளியே. “கொஞ்சம் உள்ளே வாப்பா” என்றேன். அசையவில்லை. பகவதிப்பெருமாள் நாற்காலியை விட்டு எழுந்தார். போச்சு, கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். நேரே அவனிடம் போய்த் தோளைப் பிடித்தார்.

“இங்க வந்து நில்லுலே. மனுஷன் எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு நிக்காரு!”

கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார். பிடித்த தோளை விடவில்லை.

அமுக்கினேன். வரிசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது; படம் கலங்கித்தான் வரும். வரட்டும்.