சோத்தாங்கையில் கொடுத்த பந்து

பிப்ரவரி 3, 2025, திங்கள்

காலையிலேயே சேலத்தில் ஸ்டேடியம். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆகிறது. டாக்டர் பயந்த அளவுக்குக்கூட நான் பயப்படவில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு கோச் தனப்பிரியா மேடம் என்னை நிறுத்தினார். "கலைமணி, அடுத்த சீசனுக்கு ரைட் பேக் இடத்துல ஒரு ஆளுதான். நீயா பிரவீனாவான்னு லீக் முடிஞ்சதும் முடிவு பண்ணுவேன்."

பிரவீனா வாழப்பாடிப் பெண், இருபது வயசு. அவளும் என்னைப் போல இடக்கையால் எறிபவள். ஹேண்ட்பாலில் வலப்பக்கம் நின்று ஆட இடக்கைக்காரிதான் வேண்டும். கிடைத்தால் எந்தக் கிளப்பும் விடாது. எனக்கு முப்பத்தொன்று. அவளுக்குக் கை வேகம். எனக்குக் கண் அதைவிட வேகம். கழற்றிப் போட நான் என்ன தேய்ந்த டயரா? வரட்டும், பார்க்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

திருச்செங்கோட்டில் மாமியார் வீட்டுக்கு வந்தேன். ஊட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஒடிசாவில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார், பங்குனியில்தான் வருவார்.

அத்தை என் பாப்பாவுக்கு இட்லி வைத்தார். தமிழினியும் என்னைப் போல இடக்கைக்காரி, நொட்டாங்கையால் எடுத்தாள். அத்தை பிடுங்கிச் சோத்தாங்கைக்கு மாற்றினார். "நொட்டாங்கையில தின்னா சனம் என்ன சொல்லும் சாமி?" மூன்று வயசுக்கு என்ன பிடிவாதம்! மறுபடியும் நொட்டாங்கை. அத்தையும் விடுவதாக இல்லை. இட்லி பாதி தரையில் கிடந்தது.

என்னையும் இப்படித்தான் வளர்த்தார்கள். தின்பது, எழுதுவது, யாரிடமும் ஒன்றைக் கொடுப்பது வாங்குவது எல்லாமே சோத்தாங்கை. எறிவதை மட்டும் யாரும் மாற்றவில்லை. பொட்டப்புள்ள எதை எறியப் போறான்னு விட்டுட்டாங்க போல. அந்தக் கைதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

தரையில் கிடந்த இட்லியைப் பொறுக்கினேன், அத்தையைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை? தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

லீக் ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டேன்! பிரவீனா பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினாள். நல்ல பிள்ளைதான், என்ன செய்ய.

பிப்ரவரி 22, சனி

அரையிறுதி. எழுதவே கை வரவில்லை.

ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி அரை நிமிஷம். பந்து என் கையில். மூன்று அடிக்கு மேல் பந்தோடு ஓடக் கூடாது, நான் நாலாவது அடி வைத்துவிட்டேன். விசில். அது ஒன்றும் பெரிய தப்பில்லை. பந்தை அங்கேயே தரையில் போட்டுவிட்டுத் தடுக்க ஓடியிருந்தால் ஜெயித்திருப்போம். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விதி அது.

நான் என்ன செய்தேன்? ரெஃப்ரி வயசான அம்மா. பந்தை நொட்டாங்கையிலிருந்து சோத்தாங்கைக்கு மாற்றி, மரியாதையாக அவர் முன்னால் நீட்டி, "இந்தாங்க" என்றேன்.

இந்தாங்களாம்! கல்யாண வீட்டில் தாம்பூலமா கொடுக்கிறேன்? எதிரணிப் பெண் பந்தை எடுக்க வந்து நிற்கிறாள், நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைசி அரை நிமிஷத்தில் பந்தை விடாமல் தாமதம் செய்தால் சிவப்பு அட்டை, எதிரணிக்குப் பெனால்டி மாதிரி ஏழு மீட்டர் எறி. இரண்டும் கிடைத்தது. அவர்கள் கோல் போட்டுச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் நான் வெளியே. தோற்றோம்.

ஐயோ, எங்க போயி சொல்றது இத.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். மேடம் பிரவீனாவை இறக்கினார். ஆறு கோல் போட்டாள். நானும் கை தட்டினேன். பொறாமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்கிட்ட சண்டை போடும்போது இல்லாத மரியாதை, ரெஃப்ரிகிட்ட எங்கிருந்து வந்துச்சு?" சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பயிற்சி ஆட்டம் வைக்கிறாராம், அதில் முடிவு செய்வாராம். இன்னும் கதவு சாத்தவில்லை. அது போதும் எனக்கு.

பிப்ரவரி 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்தேன். அத்தை போனில் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். கோபம் தாங்கவில்லை. "சோத்தாங்கையில தானே குடுத்தே? பெரியவங்ககிட்டப் பணிவாத்தானே நின்னே? அதுக்குப் போயி வெளிய போகச் சொல்லுவாங்களா? என்ன ஆட்டம் இது!"

விதியைச் சொன்னேன். பந்தைக் கீழே போடுவதுதான் அங்கே மரியாதை என்றேன். அத்தை போனை ஓரமாக வைத்தார். பிறகு, "அப்போ நாம பழக்குன பழக்கந்தான் உன்னையக் கெடுத்துப்போட்டுதா?" என்று கேட்டார். அப்படி இல்லீங்கத்தெ என்றேன். ஆனால் அப்படித்தான்.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டிலேயே பயிற்சி. விசில் வாங்கிப் பாப்பாவிடம் கொடுத்தேன். அவள் எப்போது ஊதினாலும் என் கையில் இருக்கும் பந்து அந்த நொடியே கீழே விழ வேண்டும். இது புத்திக்குப் போகிற பாடம் இல்லை, கைக்குப் போக வேண்டும்.

அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் குழம்புச் சட்டியை இறக்கும்போது ஊதினாள். நல்லவேளை, சட்டியை விடவில்லை. அத்தைதான் பதறிப் போய்த் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

ஊட்டுக்காரர் வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, தாடியோடு. பாப்பா முதலில் கிட்டவே போகவில்லை. சாயங்காலம் விசில் அவர் கைக்குப் போயிற்று. "ஏம்புள்ள, ரிக்கு மேல நின்னு பைப்பப் புடிக்கிறவன், ஆப்பரேட்டர் கை காட்டுனா யோசிக்காம உட்டுருவான். யோசிச்சா வெரலு போயிரும்," என்றார். ஊதினார். போட்டேன். ஊதினார். போட்டேன். எத்தனை தடவை என்று இரண்டு பேரும் எண்ணவில்லை.

மார்ச் 22, சனி

பயிற்சி ஆட்டம். அத்தையும் வந்தார், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக ஸ்டேடியத்துக்கு.

பிரவீனா எதிரணியில். பிரமாதமாக ஆடினாள், நானும் விடவில்லை. கடைசி நிமிஷம், ஒரு கோல் முன்னால், பந்தோடு பாய்ந்தேன், விசில் எனக்கு எதிராக. நடுவராக நின்ற மேடம் வேண்டுமென்றே ஊதினாரோ? யோசிக்கக்கூட நேரமில்லை. சத்தம் அடங்குவதற்குள் பந்து என் காலடியில் கிடந்தது, நான் பாதி மைதானம் திரும்பி ஓடியிருந்தேன். பிரவீனா எறிய வந்தபோது அவள் முன்னால் கையைத் தூக்கி நின்றேன். பந்து என் கையில் பட்டு வெளியே போனது.

முடிந்ததும் மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரைட் பேக் நீதான். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு. பிரவீனா ஓரத்துல, ரைட் விங்குல ஆடட்டும். ரெண்டு நொட்டாங்கையும் ஒரே பக்கம் நின்னா எவ தடுப்பா?"

பிரவீனா வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, எனக்குப் பாஸ் குடுப்பீங்கல்ல?" குடுப்பேன்டீ. நொட்டாங்கையாலதான் குடுப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் இட்லி. பாப்பா நொட்டாங்கையால் எடுத்தாள். மாமனாரின் தங்கச்சி வந்திருந்தார், பார்த்ததும் அவர் கை நீண்டது. அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"உடு. நம்ம ஊரு மலை மேல சாமிக்குப் பாதி ஒடம்பு அம்மன்தானே? அம்மன் எந்தப் பக்கம் நிக்குது? நொட்டாங்கைப் பக்கந்தானே? உடு, புள்ள திங்கட்டும்."

நான் சட்னியை எடுத்து வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாப்பா தின்று முடித்து, கையை என் புது ஜெர்சியில் துடைத்துவிட்டு ஓடிப்போனாள்.